பெரிய தெரு வழியாக

சென்னப்பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்த அந்தச் சித்திரை மாதத்தில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஆள் அழைக்க வந்தவள் கெங்கம்மாள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் வண்டி ஏற வந்தவர்கள்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான், அடுத்தது மெட்ராஸ்தான், கப்பல் கிளம்பிவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பட்டணத்தில் வேலையில்லாதவர்கள் வெளியூர் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? முந்தின வாரம்வரை டிராமில் காலை மிதித்துவிட்டதற்கு இங்கிலீஷில் சண்டை போட்ட பெரிய மனிதர்கள், இன்றைக்குக் கூலிக்காரனின் காலில் விழாத குறையாக நின்றார்கள். ஒருத்தர் ஆட்டுக்கல்லைத் தூக்கி வந்திருந்தார். குண்டுக்குப் பயந்து ஓடுகிறவருக்கு இட்லியை விட மனசில்லை. இன்னொருத்தர் வீட்டு அம்மாள் கிளிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, கிளியைத் தவிர எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் தூணோரம் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பாரிஸ்டர் வீட்டில் அவள் ஆயா. அந்த வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் வளர்த்தது அவள்தான். பாரிஸ்டர் குடும்பத்தோடு கோயமுத்தூர் போய்ப் பத்து நாளாகிறது. இப்போது அத்தனை பெரிய வீட்டில் அவளும் வாட்ச்மேன் வேம்புலியும்தான். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில், சேரியில், அண்ணன் அய்யாசாமி இருக்கிறான். தங்கச்சி பட்டணத்தில் தனியாகக் குண்டுக்குச் சாகப்போகிறாள் என்று அவன் ஒரு தடவை வந்து அழுதுவிட்டுப் போனான். கெங்கம்மாள் மசியவில்லை. இப்போது ஆள் அனுப்புகிறான். அனுப்புகிற ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவளோடு அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவர்கள்.

அந்தப் பாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏரிக்கரையோரம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. ஊர்ப் பிள்ளையானாலும் சேரிப் பிள்ளையானாலும் ஒரே பாயில்தான் உட்கார வேண்டும், இஷ்டமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அதை நடத்திய மிஷன் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். மறுநாளே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். தாட்சாயிணி ஒருத்தி மட்டும் நிற்கவில்லை. அவள் அப்பாவுக்கு ஒன்றும் பெரிய மனசெல்லாம் இல்லை. பங்காளி தன் பெண்ணை நிறுத்திவிட்டான், அவன் செய்ததை நான் செய்வேனா என்கிற வீம்பு. அந்த வீம்பின் புண்ணியத்தில் தாட்சாயிணி, கெங்கம்மாள், சொர்ணம் மூன்று பேரும் அஞ்சு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். தாட்சாயிணி பெரிய தெருவிலேயே பிறந்து பெரிய தெருவிலேயே வாழ்க்கைப்பட்டாள். சொர்ணம் அவள் வீட்டு நிலத்திலேயே நடவுக்கும் அறுப்புக்கும் போனாள். கெங்கம்மாளை மிஷன் அம்மாள் பட்டணத்துக்கு அனுப்பினாள். பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போனால், ரயிலடியிலிருந்து சேரிக்குப் பெரிய தெரு வழியாக எட்டிப்பிடிக்கிற தூரம்தான். ஆனால் சேரிக்காரர்கள் அந்தத் தெருவில் நடக்கிற வழக்கம் கிடையாது. செருப்போடு நடப்பது என்றால் கேட்கவே வேண்டாம். ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதனாலேயே அவள் ஊருக்குப் போவதை நிறுத்திப் பல பொங்கல் ஆகிவிட்டது.

திருவள்ளூர் வண்டி வந்து நின்றது. காலியான பெண்கள் பெட்டியிலிருந்து தாட்சாயிணி இறங்கினாள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை, வெறுங்கால், நெற்றி நிறையக் குங்குமம். அவளுக்குப் பின்னால், நாலு அடி தள்ளி, தலையில் கட்டுச்சோற்று மூட்டையோடு சொர்ணம் வந்தாள். ஒரே வண்டியில் வந்தவர்கள், ஒரே பிளாட்பாரத்தில் முன்னும் பின்னுமாக நடந்து வந்ததைப் பார்த்ததும் கெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது.

"வாடி தாட்சு!" என்றாள் அவள், வேண்டுமென்றே சத்தமாக.

முப்பது வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரில் 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். தாட்சாயிணியின் முகம் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, அப்புறம் அஞ்சாம் கிளாஸ் முகமாகவே ஆகிவிட்டது.

"உன் மூட்டை எங்கேடி?" என்று கேட்டாள். "உன்னைக் கையோட இட்டுகினு வரச் சொல்லிக்கீறான் உங்கண்ணன். நானே திருவேற்காட்டுக்கு வேண்டுதல்னு ஊட்டுல பொய் சொல்லிட்டு வந்துக்கீறேன். என் மூத்தாருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

அவள் புருஷனின் அண்ணன் சின்னசாமி வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். கெங்கம்மாளுக்கு அவரைத் தெரியும். பெரிய தெருவில் அவரைத் தெரியாமல் யார் இருக்க முடியும்?

"மூட்டை கட்டல," என்றாள் கெங்கம்மாள். "கேளு. இன்னைக்கு ஒரு நாளு என் பட்டணத்த என்னோட சுத்திப் பாருங்க ரெண்டு பேரும். சாயங்காலம் இதே எடத்துல வந்து நின்னு, வாடின்னு கூப்புடு. அப்பவும் உனக்குக் கூப்பிட மனசு வந்தா, கட்டுன துணியோட வண்டி ஏறிடறேன். இன்னா சொல்றே?"

"குண்டு போடுவான்றாங்களே?"

"போட்டா மூணு பேரும் சேந்து சாவோம். தனியா போவ பயமா இருந்தா சொல்லு."

அவள் வாய்தான் இப்படிப் பேசியது. உள்ளுக்குள் பயமில்லாமல் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பின்கட்டில் படுத்தால், மாங்காய் விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்தாள். போய்விடலாமா, இருக்கலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளுக்கும் இந்த நாள் வேண்டியிருந்தது.

சொர்ணம் இன்னும் நாலு அடி தள்ளியே நின்றாள். கெங்கம்மாள் போய் அவள் தலையிலிருந்த மூட்டையை இறக்கி, கையைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டாள். "இங்க யாரும் யாருக்கும் பின்னால நடக்கறதில்ல. டிராம்ல அடிபட்டுச் சாவே."

முதலில் சொர்ணத்துக்குப் புலி பார்க்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. அவள் வழியெல்லாம் அதே நினைப்பாகத்தான் வந்தாளாம். போய்ப் பார்த்தால் கூண்டு காலி. மான்கள் மட்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று புலி சிங்கத்தையெல்லாம் சுட்டுவிட்டார்கள் என்று அங்கிருந்த காவலாள் சொன்னான். சொர்ணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே காய்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்தாள்.

"ஓட முடிஞ்சவங்கெல்லாம் ஓடிட்டாங்க," என்றாள் கெங்கம்மாள். "ஓட முடியாம கூண்டுல கெடந்தத சுட்டுட்டாங்க. நல்ல நாயம்."

டிராமில் ஏறினார்கள். வழக்கமாக ஆட்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற டிராம், அன்றைக்குக் கல்யாணம் முடிந்த பந்தல் மாதிரி கிடந்தது. சொர்ணம் பலகையில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டு, "இன்னாம்மா நிக்கறே? எடமா இல்ல? ஒக்காரு," என்று அதட்டினார். அவள் தாட்சாயிணியின் முகத்தைப் பார்த்தாள். தாட்சாயிணி நகர்ந்து இடம் விட்டாள். சொர்ணம் பலகையின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். பாரிமுனை வருவதற்குள் டிராம் போட்ட குலுக்கலில் அவள் மெல்ல மெல்ல நகர்ந்து, மூன்று தோளும் இடித்துக்கொண்டன. மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் அந்தப் பாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார்கள்.

கெங்கம்மாள் தன் சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி பட்டணத்தைக் காட்டினாள். ஐகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களைக் காட்டினாள். பூட்டிக் கிடந்த பெரிய பெரிய ஆபீசுகளை இன்னார் ஆபீசு, இன்னார் ஆபீசு என்று பேர் சொல்லி, ஒவ்வொருத்தரும் எந்த ஊருக்கு ஓடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பூக்காரிகள் மட்டும் ஓடவில்லை. மல்லிகைக்கு ஜப்பான்காரன் தெரியாது, பூத்துத் தொலைக்கிறது, நாங்கள் எங்கே போவது என்றாள் ஒருத்தி. தெருக்குழாயில் கெங்கம்மாள் கையேந்திக் குடித்துவிட்டு விலகி நின்றாள். அடுத்தது சொர்ணம். அதற்கப்புறம் தாட்சாயிணி.

"இன்னா தண்ணி இது தெரியுமா?" என்றாள் கெங்கம்மாள். "நம்ம செங்குன்றத்து ஏரித் தண்ணி. அங்க, உங்க ஊட்டுக் கெணத்துல நான் தொட்டா தீட்டு. அதே மழை, குழாய்ல பூந்து இங்க வந்ததும் சுத்தமாயிடுது பாரு!"

தாட்சாயிணி வாயைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி குனிந்து இன்னொரு கை குடித்தாள். அதைக் கெங்கம்மாள் கவனித்தாள்.

கடற்கரைக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தாட்சாயிணி கடலைப் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் நடந்தால் எட்டிவிடுகிற தூரத்தில் பிறந்து, நாற்பது வயது வரைக்கும் கடலைப் பார்க்காத பெண்ணரசி! பார்த்ததும், "யம்மா!" என்று ஓடப் போனாள். ரோட்டில் காலை வைத்தவள் அப்படியே துள்ளிவிட்டாள். தார் இளகிக் கொதித்துக்கொண்டிருந்தது. வயல் வரப்பு அறியும், வாசல் சாணம் அறியும் அந்தக் கால், தார் அறியாது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ரோட்டு நடுவில் நின்று தவித்தாள்.

கெங்கம்மாள் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டாள்.

அப்படிப் போட்ட பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. சொர்ணம் மூச்சை இழுத்துக்கொண்டாள். சேரிக்காரி காலில் கிடந்த செருப்பு. ஊரில் அதைப் பார்த்தாலே தெருவைக் கழுவுவார்கள். தாட்சாயிணி செருப்பைப் பார்த்தாள், கெங்கம்மாளைப் பார்த்தாள், அப்புறம் கடலைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சின்னதா கீது," என்றாள். "பரவால்ல."

செருப்புப் போட்டுப் பழக்கமில்லாத நடை. கடலைப் பார்த்த குஷியில் அரை ஓட்டமாகப் போய், ரோட்டோரக் கல்லில் இடறியதில் வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. "ஐயோ, உன் செருப்பு!" என்று அங்கேயே குந்திவிட்டாள். ஊசியா, நூலா, எங்கே போவது? முந்தானையின் அரக்குக் கரையைப் பல்லால் கடித்து ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தாள். அறுந்த வாரை அதனால் இழுத்துச் சுற்றி, தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். "நான் கட்டறேம்மா, குடுங்க" என்று பதறிய சொர்ணத்தின் கையைத் தட்டிவிட்டாள். "எனக்குக் கட்டத் தெரியாதா? பாடப் புஸ்தகத்துக்கு அட்டை கட்டனது யாரு, நீயா நானா?"

கடலில் முழங்கால்வரை நனைந்தார்கள். கரையெல்லாம் முள்கம்பி போட்டிருந்தார்கள். அதில் ஒரு சந்து பார்த்து உள்ளே போனார்கள். ஈரச் சேலையோடு ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார்கள். தாட்சாயிணி பழக்க தோஷத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். கெங்கம்மாள் அந்தப் பங்கைத் திரும்பவும் நடுவில் கொட்டினாள். மூன்று பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். அவ்வளவு ருசியான புளிச்சோற்றை அப்புறம் எந்த நாளும் சாப்பிட்டதில்லை என்று கெங்கம்மாள் பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வரும்போதுதான் சங்கு ஊதியது.

ஒத்திகைக்காக ஊதுகிறானா, நிஜமாகவே விமானம் வந்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? தகரத் தொப்பி போட்ட ஒருத்தன் சைக்கிளில் வந்து, "குழியில எறங்கு! எறங்கு!" என்று கத்தினான். ரோட்டோரம் வெட்டியிருந்த பதுங்கு குழிக்குள் அங்கே நின்றவர்கள் எல்லாம் விழுந்தார்கள். வைரத்தோடு போட்ட ஒரு அம்மாள், ஒரு ரிக்‌ஷாக்காரன், பஞ்சகச்சம் கட்டிய ஒரு பெரியவர், இவர்கள் மூன்று பேர். கெங்கம்மாளின் கை உதறியது. அத்தனை நேரம் பேசிய வீரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாட்சாயிணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போய்விடலாம், இன்றைக்கே ஊருக்குப் போய்விடலாம் என்று அப்போது நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள்.

அபாயம் நீங்கிய சங்கு ஊதியது. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். வைரத்தோட்டு அம்மாள் அதுவரை சொர்ணத்தின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

சொர்ணம் தோளைத் தடவிக்கொண்டு, "குழிக்குள்ள ஒருத்தரும் தள்ளி நில்லுன்னு சொல்லலயே," என்றாள். காலையிலிருந்து அவள் தானாகப் பேசிய முதல் முழுப் பேச்சு அது.

மூர் மார்க்கெட்டில் முக்கால்வாசிக் கடை சாத்தியிருந்தது. செருப்புக்கடை பாய் ஒருத்தர் மட்டும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஓடறவங்களுக்குத்தான் செருப்பு வேணும், நான் ஓடிட்டா யார் குடுக்கறது?" என்றார். கெங்கம்மாள் சொர்ணத்துக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். சொர்ணம் அதைக் காலில் போடவில்லை. மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷன். அதே தூண். சாயங்கால வண்டி நின்றுகொண்டிருந்தது. காலையில் பார்த்ததைவிட இரண்டு பங்குக் கூட்டம். தாட்சாயிணி செருப்பைக் கழற்றி, கெங்கம்மாளின் காலடியில் ஜோடியாக வைத்தாள்.

"இப்ப கூப்புடறேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "குழியில உன் கை நடுங்கனத நான் பாத்தேன். என்னோட வந்துடுடி கெங்கா. இந்த ஊரு உனக்கு இன்னான்னு இப்ப புரியுது. ஆனா உசுரு முக்கியம் இல்லியா? வா."

போகலாம் என்று கெங்கம்மாளுக்கு வாய்வரை வந்துவிட்டது. அப்படியே கேட்டாள்: "வர்றேன். ரயிலடியிலேருந்து எந்த வழியா என்னை இட்டுகினு போவே?"

தாட்சாயிணி யோசிக்கவே இல்லை. "ஏரிக்கரை வழியாத்தான். இருட்டற நேரம்தானே, யாரும் பாக்கமாட்டாங்க. செருப்பக்கூட கழட்ட வேணாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஒரு சலுகை காட்டுகிற சந்தோஷத்தோடு சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அந்தச் செருப்பைப் போட்டு நடந்த கால் பக்கத்திலேயே நிற்கிறது, வாய் மட்டும் ஏரிக்கரைக்குப் போய்விட்டது.

"பாத்தியா?" என்றாள் கெங்கம்மாள். அவளுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "குண்டு விழுந்தா எல்லார் தலையிலயும் விழும், தாட்சு. இன்னார் தெரு, இன்னார் காலுன்னு பாக்காது. அந்தக் குண்டே தேவல. ரெண்டு கையையும் வீசிகினு நடக்கற ஊர்ல கெடந்து சாவறேன். நீங்க ஏறுங்க."

தாட்சாயிணி தலையைக் குனிந்துகொண்டாள். கார்டு விசில் ஊதினான். அப்போது சொர்ணம் பிளாட்பாரத்திலேயே குந்தினாள். மடியை அவிழ்த்துப் புதுச் செருப்பை எடுத்தாள். ஒவ்வொரு காலாக, பொறுமையாகப் போட்டுக்கொண்டாள். எழுந்து நின்று இரண்டு தடவை தரையில் தட்டிப் பார்த்தாள்.

"நான் பெரிய தெரு வழியாத்தான் போவப்போறேன்," என்றாள். "ஒதைச்சா ஒதைக்கட்டும். தாட்சு, நீ வர்றியா?"

சொர்ணம் அவளை அப்படிக் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகிறது. தாட்சாயிணி நிமிர்ந்தாள். "வர்றேன்," என்றாள்.

வண்டி நகர ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். கெங்கம்மாள் ஒரு நிமிஷம் தூணோரம் நின்றாள். அப்புறம் காலடியில் கிடந்த செருப்பை மாட்டி, சேலையை வாரிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொத்திக்கொண்டாள்.

"குண்டுக்குப் பயந்து வரல, தெரிஞ்சிக்கோ," என்றாள் மூச்சிரைக்க. "உங்க தெருவுல நடக்கறதுக்கு வர்றேன். காலைல மொத வண்டிக்கு என் ஊருக்குத் திரும்பிடுவேன்."

அம்பத்தூரில் இறங்கும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. பெரிய தெரு திருவிழா மாதிரி இருந்தது. பட்டணத்திலிருந்து ஓடி வந்த குடும்பங்கள் வீட்டுக்கு வீடு இறங்கியிருந்தன. கட்டிலும் பீரோவும் வாசலில் நின்றன. அவர்களுக்கு யார் ஊர், யார் சேரி என்று தெரியாது; இந்த மூன்று பேரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். ஒரு வாசலில் பேச்சு நின்றது. அடுத்த வாசலிலும் நின்றது. தெருவில் செருப்புச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. பதுங்கு குழியில் இருந்ததைவிட இங்கே கெங்கம்மாளுக்கு அதிகம் பயமாக இருந்தது. இருந்தாலும் காலை எட்டித்தான் வைத்தாள்.

சின்னசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடிவந்த வக்கீல் குமாஸ்தாவிடம் ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"யாரது? அய்யாசாமி தங்கச்சியா? சொர்ணமா அது? இன்னா திமிரு! கழட்டு. ரெண்டு பேரும் கழட்டித் தலையில வெச்சிகினு வந்த வழியே திரும்பு!"

"கழட்ட வேணாம்," என்றாள் தாட்சாயிணி.

அப்போதுதான் அவர் அவளைக் கண்டார். "நீ திருவேற்காடு போனேன்னு சொன்னே?"

"போவல மாமா. பட்டணம் போனேன். இவங்க ரெண்டு பேரும் என்னோட படிச்சவங்க."

"படிச்சா? செருப்புப் போட்டுகினு நம்ம தெருவுல வந்துடறதா?"

தாட்சாயிணி முந்தானையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அரக்குக் கரை ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. அப்புறம் கெங்கம்மாளின் வலது காலைக் காட்டினாள். அதே அரக்குத் துணி வாரில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"பாருங்க. என் சீலைக் கரை. என் கையால நான் கட்டனது. மத்தியானம் பூரா அந்தச் செருப்பு என் கால்லதான் இருந்துச்சி. இந்தத் தெரு தீட்டாயிடும்னா, நான் வந்து நின்னதுமே ஆயிடுச்சி. இன்னா பண்ணப்போறீங்க?"

சின்னசாமி துள்ளி எழுந்தார். குமாஸ்தா நாற்காலியை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டார். "இந்த வாசப்படிய மிதி, பாத்துக்கறேன்!" என்று சின்னசாமி கத்தினார்.

"கதவைச் சாத்திக்கினா சாத்திக்குங்க," என்றாள் தாட்சாயிணி. அவள் நேராக வாசப்படியில் ஏறி நின்றாள். "எனக்கு இப்ப பட்டணத்துக்கு வழி தெரியும்."

சொர்ணம் அதற்குள் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள். கெங்கம்மாள் அவளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். தெருமுனை வரைக்கும் அவர்களை யாரும் தடுக்கவில்லை. தைரியம் வந்து தடுக்கிறதற்குள் தெரு முடிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கெங்கம்மாள் முதல் வண்டிக்குக் கிளம்பினாள். "ஏரிக்கரை வழியா போயேன், வம்பு வேணாம்," என்று அய்யாசாமி கெஞ்சினான். அவள் பெரிய தெருவுக்கே வந்தாள். தாட்சாயிணி வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பின்னால் கதவு திறந்துதான் இருந்தது.

"யாரு தொறந்தது?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"நானே தொறந்தேன்," என்றாள் தாட்சாயிணி, மாவுக் கையோடு நிமிர்ந்து. "அடுத்த வாரம் வர்றேன். எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வெய். உன்னுது எனக்குக் கடிக்குது."

கெங்கம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டு, தெருவின் ஓரமாகப் போகாமல் நடுவிலேயே நடந்து ரயிலடிக்குப் போனாள்.